ஒன்றாம் கியரில் மணமேல்குடிக்கு

புதுக்கோட்டையிலிருந்து மணமேல்குடிக்குப் பஸ்ஸில் இரண்டு மணி நேரம். நாங்கள் மூன்று நாள் போனோம்.

நாங்கள் என்றால் நானும் ஸ்டெல்லா டீச்சரும். நான் அன்னவாசலில் பம்பு மோட்டார் ரிப்பேர் செய்கிறவன். பேர் செல்லையா. அஞ்சாவது வரை படித்தேன். டீச்சர் கணக்கு டீச்சர். ரிட்டையர் ஆகிவிட்டார். இதை எழுதச் சொன்னதும் அவர்தான். "நடந்தத நடந்தபடி எழுதுங்க செல்லையா, அழகு பண்ணாதீங்க" என்றார். எனக்கு அழகு பண்ணத் தெரியாது.

வண்டியைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். பிரான்ஸ் நாட்டில் செய்தது. நூறு வருசத்துக்கு மேல் ஆகிறது. கார் வாங்க முடியாத ஆட்களுக்காக அந்தக் காலத்தில் சைக்கிள் சாமானையும் மோட்டார் சைக்கிள் இஞ்சினையும் சேர்த்து லேசாக ஒரு வண்டி செய்தார்களாம். சைக்கிள்கார் என்று பேர். கொஞ்ச வருசம் ஓடின. நல்ல கார் மலிவாக வந்ததும் இவை போய்விட்டன. உலகத்திலேயே மிச்சம் கொஞ்சம்தான் என்று டீச்சர் சொன்னார். அதில் ஒன்று புதுக்கோட்டையில் அவர் வீட்டு மாட்டுக் கொட்டகையில் கிடந்தது. சமஸ்தானத்தில் வேலை பார்த்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குப் போகும்போது டீச்சரின் தாத்தாவிடம் விட்டுப் போனதாம்.

பார்க்க ஓடம் மாதிரி இருக்கும். மெல்லிய பலகை உடம்பு. கம்பி போட்ட சக்கரம் நாலு. மூக்கில் இரண்டு பித்தளை விளக்கு. ஒருவர் பின் ஒருவராக இரண்டு பேர் உட்காரலாம். ஸ்டியரிங் பின் சீட்டில். ஓட்டுகிறவன் பின்னால், சும்மா வருகிறவர் முன்னால். ஆனால் சும்மா வர முடியாது. கியர் மாற்ற நான் பின்னாலிருந்து பெல்ட்டைத் தளர்த்த வேண்டும். அதே நேரம் முன்னால் இருப்பவர் ஒரு இரும்புக் கம்பியால் பெல்ட்டை அடுத்த உருளைக்குத் தள்ள வேண்டும். இரண்டு பேரும் சேர்ந்தால்தான் கியர் விழும். செய்தவர் புருசன் பெண்டாட்டிக்காகச் செய்திருப்பார். ஒரு நாள் ஓட்டிப் பார்த்திருக்க மாட்டார்.

இரண்டு வருசம் இதில் வேலை பார்த்தேன். பெல்ட் கிடைக்கவில்லை. ரைஸ்மில் தோல் பெல்ட்டை அறுத்துத் தைத்தேன். இஞ்சின் சத்தம் வந்த அன்றைக்குச் சித்தன்னவாசல் வரை ஓட்டிப் பார்த்தோம். குகை பார்க்க வந்தவர்கள் குகையைப் பார்க்கவில்லை.

இப்போது டீச்சர் கனடாவில் மகள் வீட்டுக்கே போகிறார். செவ்வாய்க்கிழமை திருச்சியில் விமானம். வீட்டை விற்றாகிவிட்டது. கொட்டகையைச் செவ்வாய்க்குள் காலி செய்ய வேண்டும். பழைய இரும்புக்காரர் ஏற்கனவே தராசோடு வந்துவிட்டுப் போனார். நூற்று எழுபது கிலோ என்று அவர்தான் சொன்னார். மற்றவர்கள் எல்லாரும் வண்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மணமேல்குடியில் ஐஸ் பிளாண்ட் வைத்திருக்கும் டீச்சரின் சித்தி மகன் சவரிமுத்து மட்டும் ஒரு சொல் சொன்னார்.

"ஓடுற வண்டின்னா வைக்கிறேன்க்கா. ஓடாத சாமான் எங்கிட்ட நெறய கெடக்கு. லாரில ஏத்திட்டு வந்து எறக்காத. அது தானா வரணும்."

லாரியில் ஏற்றிப் போய் ஊர் எல்லையில் இறக்கி ஓட்டலாமே என்றேன். டீச்சர் என்னைப் பார்த்தார். பரீட்சையில் பார்த்து எழுதியவனைப் பார்க்கிற மாதிரி. சரி என்றேன்.

சனிக்கிழமை காலை கிளம்பினோம். டீச்சர் முன்னால், குடையோடும் கைப்பையோடும். நான் பின்னால். எனக்கு அவர் பின்மண்டையும் குடையும்தான் தெரியும். ரோட்டை அவர் சொல்வார்.

"செல்லையா, ஆடு."

"ஒண்ணு போடுங்க டீச்சர்."

"முன்கூட்டியே சொல்லுங்கன்னு எத்தன தடவ சொல்றது?"

"ஆடு முன்கூட்டியா சொல்லுச்சு?"

ஆடு போனது. மறுபடி இரண்டு போட்டோம். பத்து மைலுக்கு ஒரு தடவை இறங்கி எண்ணெய் ஊற்ற வேண்டும். நிறுத்தின இடத்தில் எல்லாம் கூட்டம் கூடியது. ஒருவர் ஓடம் என்றார். ஒருவர் வெல்லம் காய்ச்சுகிற சாமானா என்று கேட்டார். ஒரு டீக்கடையில் பெரியவர் ஒருவர் தள்ளி நின்று சொன்னார், "சவப்பெட்டிக்கு லைட்டு வச்சிருக்காய்ங்கப்பா."

"உள்ள இருக்கவங்க முழிச்சுக்கிட்டுத்தானய்யா இருக்கோம்" என்றார் டீச்சர்.

போலீஸ்காரர் ஒருவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஓட்டுறது யாரும்மா?"

டீச்சர் கட்டைவிரலால் பின்னால் காட்டினார்.

"பின்னால ஒக்காந்திருக்கவரு எப்பிடிம்மா ஓட்டுவாரு?"

"ஓட்டிக்கிட்டுத்தான வந்தாரு."

அவர் வண்டியைச் சுற்றி வந்தார். ஹெல்மெட் கேட்பதா, சீட் பெல்ட் கேட்பதா என்று அவருக்கு விளங்கவில்லை.

"இது டூவீலரா போர்வீலரா?"

"சக்கரம் நாலு" என்றேன்.

"அத நானும் எண்ணிட்டேன்ணே."

யோசித்தார். பேப்பர் எல்லாம் கையில் வைத்திருந்தேன். கேட்கவில்லை. முன் சீட்டில் உட்கார்ந்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, பார்த்துப் போங்க என்றார்.

ஆலங்குடியில் புரோட்டாவும் முட்டை மாஸும் சாப்பிட்டோம். முட்டை மாஸ் நன்றாக இருந்தது. ஆலங்குடி தாண்டியதும் வேறு ஊர். எங்கள் பக்கம் கல்லும் கருவேலமும். இங்கிட்டு தென்னை, பலா, பூக்கொல்லை. மண்ணே வேறு நிறம். குவைத்தில் ஏழு வருசம் இருந்தேன். அங்கே போனபோதுகூட இவ்வளவு தூரம் வந்த மாதிரித் தெரியவில்லை. அது விமானம். உட்கார்ந்தால் போய்விடும்.

மூன்று மணிக்கு மழை பிடித்தது. தோல் பெல்ட் நனைந்தால் வழுக்கும். இஞ்சின் ஓடும், வண்டி நிற்கும். ஒரு ஊர் வந்தது. அந்த ஊர் பேரை எழுத வேண்டாம் என்று ஊர்க்காரர்கள் கேட்டுக்கொண்டார்கள். எழுதவில்லை.

ரோட்டோரம் நீளமாக ஒரு கூரைக் கொட்டகை. உள்ளே ஐயனார் கோயிலுக்கு வைக்கிற மண்குதிரைகள் வரிசையாக நின்றன. ஆள் உயரம். எல்லாவற்றுக்கும் வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது. மறுநாள் புரவி எடுப்பு, குதிரைகளைக் கோயிலுக்கு எடுத்துப் போகிற திருவிழா. குதிரை செய்கிற சுப்பையா வேளார் வெளியே வந்தார்.

"நனையாதீங்க. வண்டிய உள்ள விடுங்க. கடைசில எடம் இருக்கு."

வரிசையின் கடைசியில் நிறுத்தினேன். பெல்ட்டைக் கழற்றி அடுப்புக்குப் பக்கத்தில் தொங்கவிட்டேன். காய ஒரு ராத்திரி வேண்டும். பலகையில் சாரல் படக் கூடாது என்று வேளார் வீட்டிலேயே ஒரு வெள்ளைத் துணி கேட்டு வாங்கி வண்டி மேல் போர்த்தினேன். தப்பு என்னுடையதுதான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை எழுந்து வண்டியைப் பார்த்தேன். வண்டி என்னைப் பார்த்தது.

இரண்டு விளக்குக் கண்ணாடியிலும் கறுப்பு மையால் முழி வரைந்திருந்தது. புருவம், இமைமுடி எல்லாம் சுத்தமாக. மூக்கில் சந்தனம், குங்குமம்.

வேளார் திண்டில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க பண்ணிட்டீங்க?"

"கண்ணு தொறந்தேன்."

"இது வண்டிங்க."

"வரிசைல நின்னுச்சு. வெள்ளத் துணி போத்தியிருந்துச்சு. தலப்பக்கம் துணிய வெலக்குவேன், கண்ணத் தொறப்பேன், அடுத்ததுக்குப் போவேன். நாப்பது கண்ணு. ஒண்ண விட்டாலும் குத்தம்."

"குதிரை மூஞ்சி மாதிரியா இருக்கு?"

"போன வருசம் ஒருத்தரு யானை கேட்டாரு. அதுக்கு முந்தி சிங்கப்பூர்க்காரரு ஒருத்தரு மோட்டார் சைக்கிள் வேணும்ட்டாரு. மண்ணுல செஞ்சு குடுத்தேன். அவங்கவங்க நேர்ந்துக்கிட்டது. எனக்கென்ன?"

"தொடச்சிரவா?"

அவர் காபியைக் கீழே வைத்தார். "தொறந்த கண்ண யாராச்சும் தொடப்பாங்களா?" என்று மெதுவாகத்தான் கேட்டார். நான் கையிலிருந்த துணியைப் பையில் போட்டேன்.

டீச்சர் வந்து பார்த்தார். "இமை நல்லா வந்திருக்கு" என்றார். பிறகு ஊர் அம்பலகாரரைத் தேடிப் போனார்.

அம்பலகாரர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அவசரத்தில் இருந்தார். முழுசும் கேட்டார். "டீச்சரம்மா, தப்புதான். இல்லேங்கல. ஆனா கண்ணு தொறந்தாச்சு. இனிமே அது சாமி சொத்து. ஒங்களுது இல்ல, எங்களுதும் இல்ல."

"இதுக்குப் பதிலா நான் ஒரு குதிரை செஞ்சு வச்சிர்றேன்."

"வைங்க. நல்லதுதான். அதயும் வைங்க, இதயும் வைங்க."

பத்து மணிக்கு மேளம் வந்தது. குதிரைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போக வேண்டும். இதற்கும் கழி கட்டினார்கள். சக்கரம் இருக்கிறது, தள்ளிக்கொண்டே போகலாம் என்று சொன்னேன்.

"மத்த குதிரைய எல்லாம் தோள்ல தூக்குறோம். இத மட்டும் தள்ளிக்கிட்டுப் போனா நாளைக்கு எவன் பதில் சொல்றது?" என்றார் ஒருவர்.

குதிரைக்கு எட்டுப் பேர். இதற்கு ஆறு பேர் போதுமாக இருந்தது. வேறு எந்தக் காரையும் அப்படித் தூக்க முடியாது. லேசாகச் செய்தது இப்படி முடிந்தது. பாதி வழியில் குதிரை தூக்கினவர்கள் இதற்கு மாறிக்கொள்ளப் பார்த்தார்கள். "வருசா வருசம் இதயே வச்சுக்கலாம்ப்பா" என்று ஒருவர் சொல்வது கேட்டது. வண்டி தோள் மேல் ஆடி ஆடிப் போனது. முழி இரண்டும் எதிரே வருகிறவர்களைப் பார்த்தன. டீச்சர் குடையும் கைப்பையுமாகப் பின்னால் நடந்தார். தூக்குகிறவர்கள் காலில் பெண்கள் தண்ணீர் ஊற்றினார்கள். டீச்சர் காலிலும் ஊற்றினார்கள். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. வெயில்.

கோயில் ஊருக்கு வெளியே, மரத்தடியில். முந்தின வருசத்துக் குதிரைகள் நின்றன. தலை போனவை, கால் போனவை, பாதி மண்ணாகிவிட்டவை. வைத்ததை யாரும் தொட மாட்டார்கள். ஒட்ட மாட்டார்கள், கூரை போட மாட்டார்கள். அப்படியே மழையில் கரைய வேண்டியதுதான். அதுதான் முறை. எங்கள் வண்டியையும் அந்த வரிசையில் இறக்கினார்கள். மாலை போட்டார்கள். பலகை உடம்பு ஒரு மழைக்காலம் தாங்காது. இரும்புக்காரரிடம் போயிருந்தால் ஒரே நாளில் முடிந்திருக்கும். இது மெதுவாக முடியும்.

டீச்சர் ஒரு தலையில்லாத குதிரைக்குப் பக்கத்தில் நின்று சவரிமுத்துவிடம் போனில் பேசினார். "வந்துக்கிட்டிருக்கோம்" என்றார். பிறகு என்னிடம், "பொய் சொல்லல. வந்துக்கிட்டுத்தான இருக்கோம்?" என்று கேட்டார். ஆமா டீச்சர் என்றேன்.

மத்தியானம் சாப்பாடு போட்டார்கள். பலாக்கொட்டை போட்ட சாம்பார். இரண்டு தடவை வாங்கினேன்.

திங்கட்கிழமை காலை கோயிலில் ஊர் கூடியது. டீச்சர் கேட்டுக்கொண்டதற்காகக் கூடினார்கள். சர்ச்சுக்குப் போகிறவர் ஐயனார் கோயிலில் பஞ்சாயத்து வைத்தால் யாரும் வீட்டில் இருக்க மாட்டார்கள். அவர் சண்டை போடவில்லை. ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஒங்க சாமி குதிரையில போயி காவல் காக்குறாரு. சரி. எது வரைக்கும் போவாரு?"

"கம்மாக்கரை வரைக்கும்" என்றார் முன்னால் இருந்தவர்.

உடனே பின்னாலிருந்து சத்தம். "என்னய்யா கம்மாக்கரை? நம்ம சாமிக்கு கம்மாக்கரைதானா? பக்கத்து ஊர்க்காரன் கேட்டா சிரிப்பான்."

"அறந்தாங்கி வரைக்கும்னு எங்க அய்யா சொல்லுவாரு."

"அறந்தாங்கில என்ன இருக்கு, பஸ் ஸ்டாண்டுதான் இருக்கு. கடல் வரைக்கும்யா! கெழக்க கடல் வரைக்கும் நம்ம எல்லை."

"கடலுக்கு அங்கிட்டு?"

"அங்கிட்டு வேற நாடு. பாஸ்போட் கேப்பான்."

கடல் என்று வந்த பிறகு அதைக் குறைத்துச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. அம்பலகாரரும் தலையை ஆட்டினார். கடல்தான் என்று முடிவானது.

"மணமேல்குடி ஒங்க எல்லைக்கு உள்ளயா வெளியயா?" என்றார் டீச்சர்.

"உள்ளதான்."

"அங்க ராத்திரிக் காவலுக்கு எந்தக் குதிரை போகுது? இங்க இருக்கது பூராம் மண்ணு. நிக்கும். இது ஒண்ணுதான் ஓடும். ஓடுற வாகனத்த மழையில நிறுத்தி வச்சுட்டு, கடல் வரைக்கும் எங்க எல்லைன்னா எப்பிடி?"

ஒரு ஆள் மெதுவாக, "கணக்கு டீச்சராம்ல" என்றார்.

சாமியைக் கேட்டுவிடுவோம் என்றார்கள். சாமியாடி பகலில் லைன்மேன் வேலை பார்க்கிறவர். லீவு போட்டு வந்திருந்தார். உடுக்கை அடித்ததும் அவருக்கு வந்துவிட்டது. ஓடி வந்து வண்டியின் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். வண்டி அலறியது. பலகை உடையாமல் இருக்க நான் பக்கத்தில் முட்டுக் கொடுத்து நின்றேன்.

"போறேன்டா" என்றார் சாமி. "கடல் வரைக்கும் போறேன். வருசம் ஒரு தடவ எடுப்புக்கு வருவேன். ஓடித்தான் வருவேன். என் எடத்துல ஒரு பய ஒக்காரக் கூடாது."

திருநீறு கொடுத்தார். அப்புறம் மலையேறிவிட்டார். வேர்வையைத் துடைத்துக்கொண்டு லைன்மேனாக என்னிடம் கேட்டார்.

"அண்ணே, காலுக்குக் கீழ ஒரு கம்பி இருந்துச்சே, எதுக்கு?"

"கியர்."

"நான் எதும் புடிச்சு இழுத்துட்டேனா?"

"இல்ல."

"நல்லவேளை."

டீச்சர் வருசா வருசம் வண்டி வரும் என்று வாக்குக் கொடுத்தார். மணமேல்குடி வரைக்கும் அந்த முன் சீட்டில் உட்கார்ந்து போவதற்கென்று ஒரு புதுச் சேலை எடுத்து வைத்திருந்தார். அன்றைக்கு அதைத்தான் கட்டியிருந்தார். பையை எடுத்துக்கொண்டு பஸ் நிற்கிற இடத்துக்கு நடந்தார். "நான் முன்னால போயி சவரி ஐஸ் பிளாண்டு கேட்டப் பூட்டாமப் பாத்துக்கிறேன். நீங்க வாங்க" என்றார்.

பெல்ட் காய்ந்திருந்தது. மாட்டினேன். ஊரே சேர்ந்து தள்ளியது. கிளம்பிவிட்டேன். கொஞ்ச தூரம் போன பிறகுதான் உறைத்தது. கியர் மாற்ற முன்னால் ஆள் வேண்டும். முன்னால் சாமி. சாமி மாற்றவில்லை. நானும் கேட்கவில்லை.

மணமேல்குடி வரை ஒன்றாம் கியர். மாட்டு வண்டி ஒன்று என்னை முந்தியது. மாடு திரும்பிப் பார்த்தது. டீச்சர் ஏறின பஸ்ஸும் முந்தியது. ஜன்னல் வழியாக அவர் ஏதோ சொன்னார். கேட்கவில்லை.

விளக்கில் முழி, சீட்டில் மாலை, ஆள் இல்லை. ரோட்டில் போகிறவர்களுக்கு யாரும் சொல்லத் தேவை இருக்கவில்லை. கும்பிட்டார்கள். சிலர் நடந்தே கூட வந்து காணிக்கை வைத்தார்கள். அந்த வேகத்துக்கு அது முடிந்தது. எலுமிச்சம்பழம், வாழைப்பழம், தேங்காய். அறந்தாங்கிக்கு அப்பால் ஒரு அம்மா ஒரு சேவலை வைத்தார். ஐயனார் சைவம் என்றேன். "அவருக்கு யாரு குடுத்தா? கூட வர்ற கருப்பருக்கு" என்றார். எடை கூடக் கூட வண்டி இன்னும் மெதுவானது.

ஒரு ஆள் கையைக் காட்டினார்.

"அண்ணே, கட்டுமாவடி ரோடு வரைக்கும் வாரேன். முன்னால காலியாத்தான இருக்கு?"

"இல்ல. ஆள் இருக்கு."

அவர் சீட்டைப் பார்த்தார். முழியைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார்.

ஐந்து மணிக்கு மேல் மணமேல்குடி. ஐஸ் பிளாண்ட் கேட்டில் டீச்சர் நின்றார். கேட்டைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் சவரிமுத்து, கைலியோடு, பெரிய ஆள். வண்டியை உள்ளே விட்டு நிறுத்தினேன். இஞ்சினை அணைக்கவில்லை. அவர் காதால் கேட்க வேண்டும்.

சவரிமுத்து சுற்றி வந்தார். சேவலைப் பார்த்தார். "நல்லாத்தான்க்கா ஓடுது" என்று சொல்லிக்கொண்டே மாலையை ஒதுக்கி முன் சீட்டில் ஒரு காலை வைத்தார்.

"எறங்கு சவரி. அது வேற ஆளு எடம்."

"யாரு எடம்?"

டீச்சர் சொன்னார். எல்லாவற்றையும் சொன்னார். சவரிமுத்து காலை எடுத்துக் கீழே வைத்தார்.

"அக்கா, நீ ஞானஸ்நானம் வாங்குனவ."

"வாக்கும் குடுத்தவ."

"ஓடி வந்தா வைக்கிறேன்னேன். சாமியோட வந்தா வைக்கிறேன்னு நான் சொல்லலயே."

"ஓடி வந்துச்சா இல்லயா? அத மட்டும் சொல்லு."

அவர் என்னைப் பார்த்தார். நான் வண்டியைப் பார்த்தேன். இஞ்சின் டொக் டொக் என்று ஓடிக்கொண்டிருந்தது.

"வந்துச்சு" என்றார்.

"அப்ப கேட்டச் சாத்து."

சாத்தினார். பிறகு கேட்டார், "பின்ன நான் எங்கக்கா ஒக்கார்றது?"

"பின்னால."

"பின்னால ஒக்காந்தா ஓட்டணுமே."

"ஓட்டு."

அன்றைக்கு அவர் வீட்டில் நண்டுக் குழம்பு. எங்கள் பக்கம் இந்த ருசி வராது. டீச்சர் சாப்பிடும்போதே இரண்டு தடவை எழுந்து போய் வண்டியைப் பார்த்துவிட்டு வந்தார். சேவல் பின் சீட்டுக்கு மாறியிருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை டீச்சர் திருச்சிக்குப் போனார். போகும்போது வண்டியைத் தொடவில்லை. "எண்ணெய் ஊத்தச் சொல்லிக் குடுங்க" என்று மட்டும் சொன்னார். நான் இருந்துவிட்டேன். சவரிமுத்துவை ஓட்டப் பழக்க வேண்டும். அந்த வண்டியில் மனிதர் உட்கார இடம் ஒன்றுதான். அதில் உட்கார்ந்தால் ஓட்டியாக வேண்டும். ஓட்டினால் வண்டி சாகாது. நான் யோசித்து வைத்திருந்தால்கூட இப்படி ஒரு ஏற்பாடு வந்திருக்காது.

சவரிமுத்து பிளாண்டைச் சுற்றி ஓட்டினார். முதல் சுற்றில் சுவரில் முட்டினார். இரண்டாவது சுற்றில் மீன்பெட்டி அடுக்கில். ஐஸ் உடைக்கிறவர்கள் வேலையை விட்டுவிட்டு நின்று பார்த்தார்கள். "மொதலாளி, சாமிய எறக்கி விட்டுட்டு ஓட்டுங்க, பாவம்" என்றார்கள். நாலாவது சுற்றிலிருந்து முட்டவில்லை.

சாயங்காலம் டீச்சர் ஏர்போர்ட்டிலிருந்து கூப்பிட்டார்.

"ஓடுதா?"

சவரிமுத்து அப்போது வண்டியோடு பிளாண்டுக்குப் பின்னால் இருந்தார். சத்தம் லேசாகத்தான் வந்தது. வாயால் சொன்னால் டீச்சர் நம்ப மாட்டார். சவரிமுத்து சுற்றி வருகிற வரைக்கும் போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.